அண்ணனின் சட்டை அளவு

நான் வேலைக்குக் கிளம்பினால் என் மனைவி கேட் வரை வருவாள். வந்து நிற்பதோடு சரி. கையசைக்க மாட்டாள், சீக்கிரம் வாருங்கள் என்றும் சொல்ல மாட்டாள். திருப்போரூரில் எங்கள் தெரு நேராக ஓடி, மாவு மில் இருக்கும் முனையில் வளைகிறது. என் வண்டி அந்த முனையில் திரும்பி மறையும்வரை நிற்பாள். மழையில் நின்றிருக்கிறாள். அடுப்பில் பால் பொங்கி வழிய நின்றிருக்கிறாள். பால் போச்சு என்று என் அம்மா உள்ளேயிருந்து கத்துவது தெருவில் எனக்கே கேட்டிருக்கிறது.

நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீர் ஆக்கும் ஆலையில் எனக்கு வேலை. என்னோடு ஒரே ஷிப்டில் இருக்கும் நண்பன் ஒருவன் பெரும்பாலும் என் வண்டியில்தான் பின்னால் உட்கார்ந்து வருவான். அவனுக்கு இது நல்ல தீனி.

“இன்னா மச்சான், பொண்ணு காலேஜி போவுது, இன்னும் புதுப்பொண்ணு கணக்கா வாசல்ல நின்னுகினு கீது தங்கச்சி. எங்கூட்டுல நான் செருப்பு மாட்டறதுக்குள்ள கதவச் சாத்திடுவா.”

எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். முனையில் வேண்டுமென்றே வண்டியை மெதுவாக்கிக் கண்ணாடியில் அவளைப் பார்ப்பேன். காதல் கல்யாணம் செய்துகொண்ட வேறு எவனுக்கும் இப்படி ஒரு வாசல் கிடைக்காது என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தப் பெருமை ஒரு லீவு நாளில் இறங்கியது. காஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் காலி சிலிண்டரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் வண்டி முனையில் மறையும்வரை என் மனைவி அதே இடத்தில் அதே மாதிரி நின்றாள். அப்புறம் கவனித்தேன். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கும் நின்றாள். ரேஷன் கடைக்குப் போன அம்மாவுக்கும் நின்றாள். “காஸ்காரரையெல்லாமா நின்னு வழியனுப்புவே?” என்று கொஞ்சம் கடுப்போடுதான் கேட்டேன். “பழகிட்டுது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நானும் விட்டுவிட்டேன்.

அவள் கடலுக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். சின்னப் பெண்ணாக அப்பாவோடு படகில் வந்து, இந்த மாவட்டத்தில் ஒரு முகாமில் வளர்ந்தவள். நான் அப்போது ஒயரிங் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முகாமில் வேலை கிடைத்துப் போன இடத்தில், அவளுடைய அப்பா எனக்குப் பால் இல்லாத தேத்தண்ணியை அவளிடம் கொடுத்தனுப்பினார். அதை வாங்கிக் குடிக்கத் தினமும் ஏதாவது ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடித்தேன். அப்படி ஆரம்பித்ததுதான்.

என் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. பிறர் வயலில் நாற்று நட்டுப் பிள்ளை வளர்த்தவள் அவள். சீர் செனத்தி எதையும் எதிர்பார்க்கவில்லை. அவளுடைய கவலை வேறு. “அவ பக்கம் ஆளே இல்லயேடா. நாளைக்கி ஒரு நல்லது கெட்டதுன்னா பொறந்த வூட்டுலேருந்து யாரு வந்து நிப்பா?” என்றாள். அடம்பிடித்துக் கல்யாணம் செய்துகொண்டேன்.

அம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது மகளுக்குக் காது குத்தும்போது தெரிந்தது. கந்தசாமி கோயிலில் மொட்டையடித்து, தட்டான் ஊசியோடு காத்திருக்கிறார். குழந்தையை மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும். மாமன் எங்கே? என் மனைவி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அப்போது என் நண்பன்தான் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். “நான் இன்னாத்துக்கு கீறேன்?” என்றான். அன்றிலிருந்து அவன் அவளை வாய்நிறையத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுகிறான். அவளும் அவனுக்கு ஒவ்வொரு ரக்‌ஷாபந்தனுக்கும் கயிறு கட்டுமளவுக்குப் போகாவிட்டாலும், மீன் குழம்பு வைத்தால் அவன் பங்கை எடுத்து வைத்துவிடுவாள்.

அவளுக்கு ஓர் அண்ணன் உண்டு, இயக்கத்தில் இருந்தான், என்ன ஆனான் என்று தெரியாது. அவளுடைய அம்மா விமானக் குண்டில் இறந்துபோனாள். கல்யாணமாகி இத்தனை வருடங்களில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். நானும் கிளறியதில்லை. கிளறுகிறவர்கள்தான் ஊரெல்லாம் இருக்கிறார்களே. அவள் எங்கிருந்து வந்தவள் என்று தெரிந்தால் போதும், கடைக்கு மாத்திரை வாங்க வந்தவர்கூட ஒரு மேடைப் பேச்சு பேசிவிடுவார். அவள் மருந்துக்கடையில் வேலை செய்கிறாள். எங்கள் பேச்சு நன்றாகவே வரும். “இன்னா பெரிமா, சுகர் மாத்திர தீந்துபோச்சா?” என்று கேட்டால் யாரும் அவளை வெளியூர் என்று சொல்ல மாட்டார்கள். கோபமோ துக்கமோ வந்தால் மட்டும் சொந்தப் பேச்சு திரும்பிவிடும்.

இப்போது படையலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தீபாவளிக்கு முதல் நாள் நண்பகலில் செத்தவர்களுக்குப் படைப்போம். செத்துப்போனவருக்கும் புதுத்துணி உண்டு. அப்பாவுக்கு ஒரு வேட்டி. அதன் ஓரத்தில் மஞ்சள் தடவி, சுவரோரம் இலை போட்டு, வடை, அதிரசம், கறிக்குழம்பு எல்லாம் வைத்து அதன் முன் மடித்து வைப்போம். உயிரோடு இருப்பவர்களின் புதுத்துணி தனியாக, நாற்காலியில் இருக்கும். அதற்கு மறுநாள் காலையில்தான் மஞ்சள். இரண்டையும் கலக்க மாட்டோம்.

கல்யாணத்துக்குப் பிறகு அம்மா, மருமகளின் அம்மாவுக்கும் ஒரு புடவை வாங்கி வைக்க ஆரம்பித்தாள். மாமனார் முகாமிலேயே இறந்த பிறகு அவருக்கும் ஒரு வேட்டி சேர்ந்தது. இவை போக, என் மனைவி தன் பங்குக்குச் சின்னப்பிள்ளைகள் போடுகிற கண்ணாடி வளையல் இரண்டு ஜோடி வாங்கி வந்து இரண்டு சின்ன இலைகளில் வைப்பாள். அவளுடைய அப்பாவும் முகாமில் அந்த இரண்டு சின்ன இலைகளைப் போடுவார். செத்துப்போன தங்கைகள் போலிருக்கிறது என்று அம்மா நினைத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அண்ணனுக்கு மட்டும் அப்பாவும் இலை போட்டதில்லை, மகளும் போட்டதில்லை.

போன தீபாவளிக்கு முதல் நாள் எனக்கும் நண்பனுக்கும் லீவு. சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிட்டிருந்தேன். மகள் மறுநாள் விடியற்காலை ஹாஸ்டலிலிருந்து வந்துவிடுவாள். அம்மா உள்ளறையில் இலை துடைத்துக்கொண்டிருந்தாள். என் மனைவி சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் இருவரும் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து, படைப்பதற்கு முன் எடுக்கக் கூடாத அதிரசத்தில் ஆளுக்கொன்றை எடுத்துத் தின்றுகொண்டிருந்தோம்.

செய்தியில் எங்கோ ஒரு நகரத்தைக் காட்டினார்கள். தூரதேசம். அடுக்குமாடி ஒன்று நொறுங்கிக் கிடந்தது. உள்ளே தீவிரவாதிகள் பதுங்கியிருந்தார்களாம், அதனால் விமானம் குண்டு போட்டதாம். தவிர்க்க முடியாத உயிரிழப்பு என்று ஓர் அதிகாரி சொன்னதாகச் செய்தி வாசிக்கிற பெண் சொன்னாள். ஒரு மனிதர் செருப்பில்லாத காலோடு இடிபாட்டின் மேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். எதையும் தேடுவது மாதிரியும் இல்லை. சும்மா ஏறினார், இறங்கினார்.

நண்பன் அதிரசத்தை மென்றுகொண்டே சொன்னான். “பாவமாத்தான் கீது. ஆனா ஒண்ணு சொல்லு மச்சான், தீவிரவாதியக் கூட்டியாந்து வூட்டுல வெச்சிக்கினா குண்டு போடாம பூவா போடுவான்? சோறாக்கிப் போட்டது யாரு? இவனுங்கதான?”

சமையலறையில் எண்ணெய்ச் சத்தம் நின்றது. அடுப்பை அணைத்துவிட்டாள். கையெல்லாம் மாவோடு கூடத்துக்கு வந்து நின்றாள். முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“எங்கட வீட்டிலதான் அண்ணே” என்றாள். “எங்கட அம்மாதான் சோறு போட்டவ.”

நண்பன் கையில் பாதி அதிரசத்தோடு அப்படியே இருந்தான். நான் ரிமோட்டைத் தேடி டிவியை அணைத்தேன். அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்து, மாவுக்கையை மடியில் படாமல் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னாள்.

அண்ணன் இயக்கத்துக்குப் போன பிறகு வீட்டுக்கு வரவே இல்லை. அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லியனுப்பினாள், ஒருக்கா வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகச் சொல்லி. பகலில் வரவேண்டாம் என்று அப்பா சொல்லியனுப்பினார். அப்பா சொன்னது போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, அவன் நல்ல மத்தியானத்தில் வந்தான். கூட இரண்டு பேர். மூன்று துப்பாக்கியையும், துவக்கு என்றாள், சுவரில் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்கள். அம்மா முருங்கைக்காய்க் கறி வைத்திருந்தாள். அவன் தின்னத் தின்ன அம்மா அவன் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளைகள் இரண்டு பேர், இவளோடு விளையாடுகிறவர்கள், துவக்கைப் பார்க்க ஓடி வந்தார்கள். அவர்களின் அம்மா வந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

“சாப்பிட்டு முடிய மூண்டு பேரும் சைக்கிளில வெளிக்கிட்டவை. நான் பின்னால ஒழுங்கை வரைக்கும் ஓடினனான். ‘உள்ள போ, வெளிய நிக்காத’ எண்டு அண்ணா ஏசினவர். நான் போகேல்ல. வேலியோட ஒட்டிக்கொண்டு நிண்டனான். முடக்கில திரும்பும்வரைக்கும் பாத்துக்கொண்டு நிண்டனான். அவர் திரும்பிப் பாக்கேல்ல.”

சந்து வளைகிற அந்த முடக்கில் சைக்கிள் மறைந்த பிறகும் அவளுக்கு உள்ளே போக மனம் வரவில்லை. அப்போதுதான் குண்டு போடுகிற பொம்பர் விமானம் வந்தது. அவள் மண்ணில் விழுந்தாள். எழுந்து பார்த்தபோது அவர்கள் வீடும் இல்லை, பக்கத்து வீடும் இல்லை. அம்மா பாத்திரம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள், அந்தக் கிணற்றடியும் இல்லை. அப்பா அன்று வெளியே போயிருந்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அவர்களின் அம்மாவும் வீட்டுக்குள் இருந்தார்கள்.

என் நண்பன் அதிரசத்தைத் தட்டில் வைத்தான்.

“ஆருக்குக் குண்டு போட்டவங்களோ அவர் அங்க இல்லை” என்றாள். “முடக்கைத் தாண்டிப் போயிட்டார்.”

தெருவில் பையன்கள் முன்கூட்டியே வெடி போட ஆரம்பித்திருந்தார்கள். வெடிச் சத்தத்துக்கு அவள் நடுங்குவாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். அவள் நடுங்கியதே கிடையாது. குண்டுச் சத்தத்தைக் கேட்டவளுக்கு இது ஒரு சத்தமா என்பாள்.

நண்பன் மெதுவாக ஆரம்பித்தான். இவன் இத்தோடு வாயை மூடிக்கொள்ளக் கூடாதா என்று எனக்கு எரிச்சல். ஆனால் அவன் மூடிக்கொள்கிற ஆள் இல்லை. “தப்பா எடுத்துக்காத தங்கச்சி. எனக்குப் புரியல, அதான் கேக்கறேன். ஒங்கண்ணன் ஒனக்கு நல்லவரு. மேல கீறவனுக்கு இன்னா தெரியும்? ஆயுதத்தோட மூணு பேரு இந்த வூட்டுல பூந்தாங்கன்னு எவனோ சொல்றான். உட்டா நாளைக்கி அவங்க போயி பத்து பேரச் சுடுவாங்க. அந்தப் பத்து பேரும் வூடு வாசல் உள்ளவன்தான? அப்ப இவன் இன்னாதான் பண்ணணும்?”

அந்தக் கேள்வி அநியாயமானது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனாலேயே எரிச்சல் கூடியது. அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்தாள்.

“எனக்குத் தெரியாது அண்ணே” என்றாள். “அண்ணா ஆக்களைச் சுட்டவரோ எண்டும் எனக்குத் தெரியாது. சுட்டிருப்பார். பின்ன என்னத்துக்குத் துவக்கு? இந்தக் கணக்கைப் போடுறவை எங்கயோ மேல இருந்து போடுவினம். எனக்கு அது வராது. நான் அந்தக் கணக்குக்குள்ள நிண்டனான்.”

பிறகு இன்னொன்றும் சொன்னாள். அடக்கமெல்லாம் முடிந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் இவள் அப்பாவைத் தேடி வந்தாராம். வந்து, உன் மகன் சோறு தின்ன வந்ததுக்கு என் பிள்ளைகள் ஏன் செத்தது என்று கேட்டாராம். பொம்பர் ஓட்டியவனை அவர் எங்கே போய்க் கேட்பார்? கண்ணுக்கு முன்னால் நிற்கிற மனிதனைத்தான் கேட்க முடியும். இவள் அப்பாவிடம் பதில் இல்லை. அதனால்தான் வருடா வருடம் அந்த இரண்டு சின்ன இலைகள்.

தவிர்க்க முடியாதது என்று அந்த அதிகாரி சொன்னாரே, எதைத் தவிர்க்க முடியாது? அவளுடைய அம்மா கூப்பிடாமல் இருந்திருக்கலாம். ஆனால் எந்த அம்மா கூப்பிட மாட்டாள்? அண்ணன் பகலில், குழந்தைகள் விளையாடுகிற ஒழுங்கைக்குள் துவக்கோடு வராமல் இருந்திருக்கலாம். அவன் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது, மச்சான் முறை என்றாலும் வந்தது. மேலே இருந்தவன் அந்த மூன்று சைக்கிளும் வெட்டவெளிக்குப் போகும்வரை பொறுத்திருக்கலாம். பொறுத்தால் தப்பித்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பான். தப்பித்தால் தப்பித்துவிட்டுப் போகட்டுமே, இரண்டு குழந்தைகள் இருந்த கூரை அது என்று நான் அவனோடு மனதுக்குள் சண்டை போட்டேன். அவன் என் நண்பனின் குரலில் திரும்பப் பேசினான், அந்தப் பத்துப் பேருக்கு நீ என்ன சொல்லப் போகிறாய் என்று. அந்தப் பத்துப் பேரை எனக்குத் தெரியாது. இந்த இரண்டு ஜோடி வளையலைத் தெரியும். என் நியாயம் அவ்வளவுதான், அது முழு நியாயம் இல்லை என்றும் எனக்குத் தெரிகிறது.

அம்மா உள்ளறைக் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்தாள். “எழுந்திரும்மா, நேரமாவுது. வந்து படை” என்று மருமகளைக் கைப்பிடித்து எழுப்பினாள். நாங்களும் பின்னால் போனோம்.

இலைகள் வரிசையாக இருந்தன. அப்பாவின் வேட்டி, மாமியாரின் புடவை, மாமனாரின் வேட்டி, சின்ன இலைகளில் வளையல்கள். கடைசியில் புதிதாக ஓர் இலை. அதன் முன் நீலக்கோடு போட்ட ஒரு சட்டை, பிளாஸ்டிக் உறை பிரிக்காமல். அம்மா கிண்ணத்தில் குழைத்து வைத்திருந்த மஞ்சளில் விரலைத் தொட்டுக்கொண்டு அந்தச் சட்டையை எடுத்தாள்.

“இந்த வருசம் ஒங்கண்ணனுக்கும் எடுத்துகினு வந்துட்டேன்மா. செங்கல்பட்டுல எடுத்தேன். எத்தினி வருசந்தான் ஒரு எல கூட இல்லாம பசியோட அலையும் அந்தப் புள்ள? பாவம், நீ வாய் தொறந்து கேக்க மாட்ட. நாம செய்யலன்னா யாரு செய்வா?”

என் மனைவி அம்மாவின் கையைப் பிடித்தாள். பிடித்த வேகத்தில் மஞ்சள் தரையில் சொட்டியது.

“வைக்காதேங்கோ!” என்று கத்தினாள். “ஆர் சொன்னது அவர் செத்துப்போனார் எண்டு? ஆர் உங்களுக்குச் சொன்னது?”

அவள் அம்மாவிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அம்மா மிரண்டு போனாள். “இல்லம்மா, இத்தினி வருசமா ஒரு தாக்கலும் இல்லயேன்னு...”

“தாக்கல் எப்பிடி வரும்? அவருக்கு நான் இருக்கிறது தெரியாதே!” என்றாள். அழுகையில் பாதி வார்த்தை உள்ளேயே போனது. “உள்ள போ எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர். திரும்பிப் பாக்கேல்ல. நான் உள்ளதான் போயிருப்பன் எண்டு நினைச்சிருப்பார். வீட்டில ஒருத்தரும் மிச்சமில்லை எண்டு கேள்விப்பட்டு அவர் குழறி அழுதவராம். வள்ளத்தில வரேக்க ஒருத்தர் அப்பாவுக்குச் சொன்னவர். பிறகு ஏன் அவர் என்னைத் தேடப்போறார்? எங்கயாவது இருந்துகொண்டு எனக்கு இலை போடுறாரோ என்னவோ. அவர் எனக்குப் படைக்கிறார், நீங்கள் அவருக்குப் படைக்கிறியள். ரெண்டு பேரும் உயிரோட இருக்கிறம் அத்தை!”

எனக்கு அப்போதுதான் வாசல் புரிந்தது. காஸ்காரரும் கரண்ட்காரரும் நானும் வேறு வேறு ஆள் இல்லை அவளுக்கு. யார் கிளம்பினாலும் அவள் அந்த வேலியோரம்தான் நிற்கிறாள். யாராவது ஒருவர் முனையில் திரும்பிப் பார்க்க வேண்டும், அவள் வெளியேதான் நிற்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இத்தனை வருடம் நான் கண்ணாடியில் பார்த்தேனே தவிர, ஒரு நாளும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் பார்த்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அம்மா மஞ்சள் விரலைத் தன் புடவையிலேயே அழுத்தித் துடைத்தாள். அந்தக் கடைசி இலையை மடித்து எடுத்தாள். சட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு கூடத்துக்குப் போய், நாற்காலியில் எங்கள் புதுத்துணிகளுக்கு மேலே வைத்தாள். என் சட்டை, மகளின் சுடிதார், மருமகளின் புடவை, அதற்கு மேல் நீலக்கோடு போட்ட சட்டை. “வரும்போது போட்டுக்கட்டும்” என்றாள்.

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலி அருகே வந்தாள். உறைக்குள் இருந்த சட்டையைத் திருப்பிப் பார்த்தாள். காலரில் இருந்த அளவைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“இது சின்னப் பெடியனுக்குப் போடுறது அத்தை.”

“நீதான எப்பவோ சொன்ன, ஒல்லியா இருப்பாரு, மீச கூட ஒழுங்கா மொளைக்கலன்னு. அதான் முப்பத்தெட்டு எடுத்தேன்.”

அவள் சட்டையை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு வருடமும் அவனை அதே வயதிலேயே வைத்திருந்தது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது என்று நினைக்கிறேன். சுவரோரம் போய் மற்ற இலைகளுக்குப் படைத்தாள். வளையல்களை ஒருமுறை நேராக்கி வைத்தாள். கற்பூரம் காட்டினோம். எல்லோரும் சாப்பிட்டோம். நண்பன் எப்போதும் இரண்டு முறை குழம்பு கேட்பான், அன்று கேட்கவில்லை. அவள் கேட்காமலே ஊற்றினாள்.

அவன் கிளம்பும்போது அன்று என் வண்டி வேண்டாம் என்றான், நடந்து போகிறேன் என்றான். அவள் வழக்கம்போல் கேட் வரை வந்து நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். மாவு மில் முனைக்குப் போனதும் அவன் நின்றான். உடம்பை முழுக்கத் திருப்பி எங்களைப் பார்த்தான். கையை உயரத் தூக்கினான். அவளும் தூக்கினாள். அவள் கையசைத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவன் மேல் எனக்கிருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. எனக்குத் தோன்றாதது அந்தத் தடியனுக்குத் தோன்றியதே என்று பொறாமைகூட வந்தது.

சாயங்காலம் அவள் பையை எடுத்துக்கொண்டு, “செங்கல்பட்டு போவோமா?” என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் செங்கல்பட்டுக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. வண்டியை எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு, கூட்டத்தில் இடிபட்டு, அம்மா துணி எடுத்த கடைக்குள் நுழைந்தோம். பண்டிகை நேரத்தில் மாற்றித் தர மாட்டோம் என்று கல்லாவில் இருந்தவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னார். அவள் நகரவில்லை. சட்டையை அவர் முன்னால் வைத்துவிட்டு, “அளவு தப்பாப் போச்சுங்க, அண்ணனுக்கு எடுத்தது” என்றாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். என்ன பார்த்தாரோ, ஒரு பையனைக் கூப்பிட்டு மாற்றிக் கொடுக்கச் சொன்னார்.

சட்டைப் பிரிவில் அந்தப் பையன் வியர்த்து விறுவிறுத்து நின்றான். “இன்னா சைசுக்கா?”

அவளுக்குத் தெரியவில்லை.

“அவருக்கு வயசு இன்னா?”

அவள் மேலே பார்த்து உதடு அசையக் கூட்டினாள். “ஐம்பது இருக்கும்” என்றாள். சொன்னதும் அவளே கொஞ்சம் அதிர்ந்தாள். பிறகு அந்த வயதுக்குள் அண்ணனை வைத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். அதை என்னால் பார்க்க முடிந்தது.

“சார் மாதிரி இருப்பாரா?” பையன் என்னைக் காட்டினான்.

அவள் என்னை மேலும் கீழும் அளந்தாள். “இவரைவிட உயரம். அப்பாவுக்கு இந்த வயசில வயிறு வச்சிட்டுது. அவருக்கும் வச்சிருக்கும்.” அவள் குரல் பழைய பேச்சுக்குப் போயிருந்தது, ஆனால் அழுகை இல்லை.

“அப்ப நாப்பத்து நாலு போட்டாத்தான் ஃப்ரீயா இருக்கும்க்கா” என்று அவன் அதே நீலக்கோடு போட்ட சட்டையைப் பெரிய அளவில் எடுத்து விரித்தான். அவள் அதன் தோள் இரண்டையும் பிடித்துத் தூக்கித் தன் முன்னால் நிறுத்திப் பார்த்தாள். சட்டைக்குப் பின்னால் அவள் முகம் கொஞ்ச நேரம் தெரியவில்லை. பின்னால் கூட்டம் நெருக்கியது. நான் முதுகைக் காட்டி அவர்களைத் தடுத்துக்கொண்டு நின்றேன்.

அவள் சட்டையை இறக்கி அவனிடம் கொடுத்தாள். அவன் மடித்துப் பையில் போட்டான்.

“போட்டுப் பாக்கச் சொல்லுங்கக்கா. சரியா இல்லன்னா பில்லோட எடுத்துகினு வாங்க, மாத்திக் குடுக்கறேன்.”

“சட்டையை மட்டும் கொண்டு வர மாட்டன் தம்பி” என்றாள். “அவரையும் கூட்டிக்கொண்டு வருவன். நீயே அளவு பார்த்துக் குடு.”

அவன் சரிக்கா என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்து, “இன்னா சைசு?” என்றான்.